கை தூக்கச் சொன்னவர்

வயது நாற்பத்தாறு. அதில் பதினோரு வருடம் பேருந்துப் பணிமனைச் சங்கத்தின் செயலாளர். எதையும் கை தூக்கச் சொல்லியே தீர்ப்பதால் பணிமனையில் இவர் பெயர் 'கைதூக்கி'. மின்விசிறியை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்குக்கூட வாக்கெடுப்பு நடத்தியவர். "பிரேக் பிடிக்கலன்னாலும் மொதல்ல ஓட்டுதான் எடுப்பேன்" என்று தன்னைத்தானே கிண்டல் செய்கிறார்.

போன மாதப் பொதுக்கூட்டத்தில் பெரிய சண்டை. சங்கத்தின் மருத்துவ நிதியிலிருந்து கருக்கலைப்புக்கும் உதவலாமா? "எங்க ஆளுங்க இத ஏத்துக்க மாட்டாங்க. எங்க சந்தாவும் அதுல இருக்கு" என்றது ஒரு தரப்பு. கைதூக்கி மேசையைத் தட்டி முழங்கினார். "நூறு பேர் சேந்தாலும் இன்னொருத்தர் உடம்புக்கு முதலாளி ஆக முடியாது!" பலத்த கைதட்டல். முழங்கிய சூட்டோடு அதையே வாக்கெடுப்புக்கு விட்டார். உதவலாம் என்று முடிவானது.

"ஓட்டுப் போட்டுத் தீக்கற விஷயமில்லன்னு பேசிட்டு, அதுக்கே ஓட்டு எடுத்தேன். அன்னிக்கு ஒருத்தனும் சிரிக்கல, என்னையும் சேத்து" என்கிறார் இப்போது.

அதே மாதக் கடைசியில், தையல் கடை நடத்தும் அவர் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது. மகள் கல்லூரியில் படிக்கிறாள். "எனக்கு இது வேண்டாங்க" என்றார் மனைவி. கைதூக்கிக்கோ இன்னொரு பிள்ளை மேல் கொள்ளை ஆசை. உடனே தன் அக்காவையும் மனைவியின் அண்ணனையும் வரவழைத்தார். இருவரையும் பேசவிட்டார். அக்கா வாரிசைப் பற்றிப் பேசினார். மச்சான், நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பதைப் பற்றி. பிறகு பழக்கதோஷம்:

"சரி, குழந்த வேணுங்கறவங்க கை தூக்குங்க."

இரண்டு கைகள். மூன்றாவது அவருடையது. அங்கேயே இருந்த மகள் கை தூக்கவில்லை. கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி எழுந்தார்.

"மேடையில என்ன பேசினீங்க?"

"அது பொதுவா சொன்னதும்மா. இது நம்ம குடும்பம்."

"அண்ணி, கைய எறக்குங்க, வலிக்கும். ஏங்க, இது உங்க சங்கம் இல்ல, என் வயிறு. நாளைக்கு எனக்கு வாந்தி வந்தா அதுக்கும் ஓட்டெடுப்பீங்களா?"

மகள் வெடித்துச் சிரித்தாள். கூட்டம் கலைந்தது.

மறுநாள் இதைப் பணிமனையில் அவரே சொல்லிச் சிரித்தார். "இப்பவாவது புரிஞ்சுதா அண்ணே?" என்றார் வெல்டர் ஒருவர்.

"புரிஞ்சுதுன்னு நெனைக்கறவங்க…" என்று கைதூக்கி ஆரம்பித்தார். எண்ணெய்த் துணி ஒன்று பறந்து வந்து முகத்தில் விழுந்தது.

வியாழக்கிழமை காலை மனைவி மருத்துவமனைக்குப் போகிறார். துணைக்கு மகள். கைதூக்கி விடுப்பு போட்டிருக்கிறார், தையல் கடையைப் பார்த்துக்கொள்ள.