பேட்டரி மேல வச்ச பொட்டு

எங்க நைனா செத்து மூணு மாசம் ஆவுது. பட்டினப்பாக்கத்துல அவரு மீன்புடி போட்டை இப்ப நான்தான் ஓட்டுறேன். ஆயுத பூஜைக்கு பேட்டரி மூடிங்க மேல அவரு வச்ச குங்குமத்தை அழிக்க மனசு வரல. அதனால மூடியத் தொறந்து உள்ள தண்ணி கொறஞ்சிருக்கான்னு பாக்கவேயில்ல. மீட்டரு பன்னெண்டரை வோல்ட் காட்டுச்சு, நம்பி கடலுக்குப் போனேன்.

வலைய இழுத்துட்டு இஞ்சினைக் கெளப்ப செல்ஃப் அடிச்சா 'டக்'னு சத்தம், அவ்ளோதான். அலை போட்டை கரையோரக் கல்லாண்ட தள்ளிக்கினு போவுது. பக்கத்து போட்டுல இருந்த மாமா கயிறு கட்டி கரைக்கு இழுத்தாந்து, பேட்டரி மூடியத் தொறந்தாரு. உள்ள தண்ணி வத்தி, தகடுங்க பாதிக்கு மேல காஞ்சு கெடந்துச்சு.

"பொட்டு வச்சா தண்ணி ஊறுமாடா?"ன்னு கத்துனாரு.

எனக்கு என் மேலயே கடுப்பு. இப்ப புது பேட்டரி. வாராவாரம் தண்ணி பாக்குறேன். சும்மா கெடக்குறப்ப மீட்டரு காட்டுறதை நம்புறதில்ல; செல்ஃப் அடிக்கிறப்ப வோல்ட் ரொம்ப விழுந்தா கடலுக்கே போறதில்ல. பொட்டை இப்ப பேட்டரி வைக்கிற மரப்பெட்டி மேலதான் வைக்கிறேன். நைனா பொட்டு அழியாத பழைய மூடி ஒண்ணு வீட்ல கீது.