சட்டக் கல்லூரிக்கு வழி சொன்ன அக்கா

திருகோணமலையில் ஜப்பான்காரரின் குண்டு விழுந்த பிறகு ஊர் பாதி காலியாகிவிட்டது. தம்பலகாமத்துக்கும் கந்தளாய்க்கும் ஓடியவர்களில் சிலர்தான் திரும்பி வந்தார்கள். அம்மாவும் நானும் எங்கும் போகவில்லை. அப்பா இறந்துபோன எங்களுக்கு, துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த அந்த வீட்டை விட்டால் வேறு இடம் கிடையாது. நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன்.

அடுத்த வீட்டில் ஒரு பிரக்கிராசியார் இருந்தார். கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், வழக்குப் பேசுகிறவர். அவருடைய மகள் கொழும்புச் சட்டக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். விடுமுறையில் வந்தால் வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அதற்குமேல் கதைக்க எனக்குத்தான் கூச்சம்.

ஒரு காலை கடற்படை அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். கூட வந்த தமிழ்க் கிளாக்கர் அம்மாவிடம், "வீடு நேவிக்கு வேணுமாம். நாளைக்கே விட்டு எழும்பட்டாம்" என்றார். அம்மா அப்படியே வாசற்படியில் குந்திவிட்டா. எனக்கு ஆங்கிலம் தெரியும். ஆனாலும் அம்மாவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

அப்போது அந்த அக்கா படலையைத் திறந்துகொண்டு வந்தார். குளித்த தலையில் துவாய் சுற்றியிருந்தது. அதிகாரிக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: எந்தச் சட்டத்தின்படி எடுக்கிறீர்கள், கட்டளையில் கையெழுத்து வைத்தது யார், இவர்களுக்கு வாடகையைத் தீர்மானிப்பது யார்? அதிகாரி தோல்பையைத் திறந்து தேடினார். அதில் கட்டளை இல்லை. முகம் சிவந்துபோனது. தொப்பியைக் கழற்றி அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஜீப்புக்குப் பின்னால், விரிகுடா முழுவதும் போர்க்கப்பல்கள் மலை மலையாக நின்றன. அத்தனை பீரங்கிகளை வைத்திருந்தவர்களை, தலை ஈரம்கூடக் காயாத ஒரு பெண் மூன்று கேள்வியில் திருப்பி அனுப்பிவிட்டார்.

சில நாளில் அதிகாரி முறையான கட்டளையோடு வந்தார். வீடு போகத்தான் செய்தது. ஆனால் வேறு வீடு பார்க்க அவகாசம் கிடைத்தது, வாடகையும் ஒழுங்காக வந்தது.

வீடு மாறுவதற்கு முன் ஒரு பின்னேரம் துணிந்து அக்காவிடம் போனேன். அவருடைய அறையில் சுவரே தெரியவில்லை, கூரை முட்டச் சட்டப் புத்தகங்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனேன்.

"அக்கா, நானும் சட்டம் படிக்கலாமோ? எங்கட ஆக்கள் ஒருத்தரும் கோட்டு வாசல் மிதிச்சதில்லை."

அவர் சிரிக்கவில்லை. கல்லூரியின் விதிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தை விரித்து ஒரு வரியில் விரலை வைத்தார். "வாசியும். தகப்பன் வழக்குப் பேசுற அப்புக்காத்தாய் இருக்கவேணும் எண்டு எங்கையும் போட்டிருக்கோ?"

"இல்லை."

"பிறகென்ன? இங்கிலீசும் கணக்கும் உமக்கு வரும். இலத்தீன்?"

"அது மாதா கோயில் சாமிமார் பூசையில சொல்லுறதெல்லோ?"

"ஓம், அதேதான். அது தெரியாமல் சேர்வுச் சோதினை எழுத ஏலாது. கொன்வென்ற் சிஸ்டர் ஒராள் படிப்பிப்பா. நாளைக்கு என்னோட வாரும், நான் கதைச்சு விடுறன்."

சொன்னபடியே கூட்டிக்கொண்டு போனார். எந்தப் பாடத்தை முதலில் பிடிப்பது, நற்சாட்சிப் பத்திரம் யாரிடம் கேட்பது, விண்ணப்பத்தை எப்போது அனுப்புவது என்று வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். கொழும்புக்குத் திரும்பும்போது தன் இலத்தீன் இலக்கணத்தையும் பழைய வினாத்தாள்களையும் ஒரு சாக்கில் போட்டுத் தந்தார். "திருப்பித் தராதையும். உமக்குப் பிறகு வாறவளுக்குக் குடும்."

அந்த இலக்கணத்தில் பக்கத்துக்குப் பக்கம் அவருடைய பென்சில் எழுத்து. அவரும் இடறிய இடங்கள் அவை என்று மெல்ல விளங்கியபோது இன்னும் வியப்பாக இருந்தது.

முதல் முறை இலத்தீன் என்னைக் கவிழ்த்தது. அம்மா, "சோதினைதானே, திரும்ப எழுது" என்றா. மறுமுறை தேறினேன். யுத்தம் முடிந்திருக்கவில்லை. பட்டாளத்துக்காரர் நிறைந்த ரயிலில் அம்மாவும் நானும் நெருக்குப்பட்டுக் கொழும்பு போய்ச் சேர்ந்தோம்.

முதல் வகுப்பில் ஆண்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பெண்கள். விரிவுரையாளர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். மற்றவர்களுடையதைப் படித்த அதே குரலில் என் பெயரையும் படித்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இருக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் அந்த மண்டபத்தில் பெரிதாகக் கேட்டது.