பதர் என்று சொன்ன வாய்

ஷ்முனிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் வேதத்தில் காற்று எங்கெங்கே வருகிறது என்று கேட்டால் விரல்விட்டுச் சொல்வாள். உலகம் உண்டாகுமுன் தண்ணீரின்மேல், கோழி அடைகாப்பதுபோல் அசைந்தது ஒரு காற்று. பள்ளத்தாக்கில் கிடந்த உலர்ந்த எலும்புகளுக்குள் நாலு திசையிலிருந்தும் புகுந்து அவற்றை எழுப்பி நிறுத்தியது ஒரு காற்று. மாடியறையில் பயந்து ஒடுங்கியிருந்த சீடர்கள்மேல் இரைச்சலோடு இறங்கியது இன்னொன்று. பேத் ஹெத்தே ஊர்க்காரர்கள் கோயிலில் ஜெபிக்கும் பழைய சுரியானி மொழியில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்தான், ரூஹோ. அதனால் களத்தில் கோதுமை தூற்றும்போது மேற்கேயிருந்து காற்று எழும்பினால், வயசில் பெரியவர் யாரோ வந்துவிட்டமாதிரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வாள்.

இதையெல்லாம் அவள் காதில் போட்டவர் பர்சாவ்மோ பாதிரியார், அந்தச் சபை வழக்கப்படி கல்யாணம் செய்துகொண்டு குடும்பத்தோடு இருந்தவர். இருபத்தாறு வயசில் அவள் புருஷன் கிணற்றுச் சரிவில் சிக்கிச் செத்தபோது, கொழுந்தன்மார் திராட்சைத் தோட்டத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். பாதிரியார் தோட்டத்து வாசலில் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அவர்கள் வரவில்லை. அன்றிலிருந்து அவர் சொன்னது எதையும் ஷ்முனி தட்டியதில்லை. மகன் லஹ்தோவுக்கு அப்போது நாலு வயசு.

அவன் வளர்ந்து கல்யாணமும் ஆனபோது பேத் ஹெத்தேயைப்போல் தென்கிழக்குத் துருக்கியின் தூர் அப்தீன் மேட்டில் இருந்த ஊர்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. கிறிஸ்தவர்களுக்குக் காலம் நன்றாயில்லை, வயசுப்பெண்களை வைத்திருந்தவர்கள் பயந்து பயந்து இருந்தார்கள். ஜெர்மனியில் தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுத்தார்கள். முதலில் தனி ஆளாகப் போனார்கள், பிறகு குடும்பம் குடும்பமாக. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் லஹ்தோவும் அங்கே போகக் காகிதம் வாங்கிவிட்டான்.

அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் பிரசங்கத்தில் அதைத்தான் எடுத்தார். கர்த்தர் தூற்றுக்கூடையோடு களத்தில் நிற்கிறார், காற்றை அனுப்புகிறார், கனமுள்ள மணி காலடியிலேயே விழும், பதர்தான் பறந்துபோகும் என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அன்று மத்தியானம் ஷ்முனியின் வீட்டுக்கே வந்தார்.

"ஷ்முனி, உம்மவன் கிளம்புறான்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா சாமி. வெள்ளிக்கிழமை."

"ஆசீர்வாதம் கேப்பான். குடுக்காதே. நீ குடுத்தா நாளைக்கு நாப்பது அம்மா குடுப்பாங்க. அப்புறம் இந்த ஊர்ல மணியடிக்க ஆள் இருக்காது."

"பெத்த மனசு சாமி…"

"கஷ்டம்தான். அதனாலதான் உங்கிட்ட வந்தேன். மத்தவங்களுக்கு அந்த கனம் இல்ல."

அந்தக் கடைசி வார்த்தை அவளைக் கட்டிப்போட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் லஹ்தோ பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தான். அவள் கோதுமை ரவையைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, ஒரு தடவ தலையில கைய வையேன். வண்டி நிக்குது."

"பதருக்கு என்னடா ஆசீர்வாதம்?"

மருமகள் நிசானே அழுதுவிட்டாள். லஹ்தோ அழவில்லை. குனிந்த தலையோடு கொஞ்ச நேரம் நின்றான், பிறகு நிமிர்ந்து போய்விட்டான். அடுத்த ஞாயிறு பாதிரியார் பேர் சொல்லாமல் ஒரு தாயைப் புகழ்ந்தார். எல்லோரும் திரும்பி ஷ்முனியைப் பார்த்தார்கள். அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பின்னாளில் அவளால் தாங்க முடியாமல்போனது அந்தப் பெருமையைத்தான்.

லஹ்தோ எழுதவில்லை, அம்மாவுக்குப் படிக்கத் தெரியாதே. ஒலிநாடா அனுப்பினான், இரண்டு. அவள் இரண்டையும் கேட்காமல் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டாள்.

மூன்று வருஷம் கழித்து பெந்தெகொஸ்தே திருநாள். மூன்று முறை முழங்காலிட்டு எழுந்தார்கள். பாதிரியார் பச்சைக் கிளையை நீரில் தோய்த்து எல்லோர்மேலும் தெளித்தார். பிறகு பேசினார். காற்று தனக்குப் பிடித்த பக்கம் வீசுகிறது, சத்தம் கேட்கிறோமே தவிர எங்கேயிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று நமக்குத் தெரியாது. ஆவியால் பிறந்தவனும் அப்படித்தான் என்றார். அவர் குரல் என்றைக்கும்விட அழகாக இருந்தது. ஷ்முனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வாசலில் பக்கத்து வீட்டு பஸ்ஸே அவள் முழங்கையை இடித்தாள். "ஷ்முனிக்கா, ஒனக்குப் புரியலியா? சாமியும் ஜெர்மனிக்குக் கிளம்புறாரு. புதன்கிழமை வேன் வருது. அவரு பொண்ணுங்க மூணு பேருக்கும் காகிதம் வந்தாச்சாம்."

"வாய்ல வந்ததப் பேசாதடி."

"அவங்க அம்மா பாத்திரத்தையெல்லாம் யாருக்குக் குடுக்கலாம்னு கேட்டுட்டிருக்காங்க. எனக்கு ஹிட்லர் அண்டா."

"ஹிட்லரா?"

"அந்தப் பெரிய அண்டாக்கா. ஒருத்தராலயும் தூக்க முடியாது, சும்மா நின்னு எல்லாரையும் மெரட்டும், அதான் அந்தப் பேரு."

ஷ்முனி சிரிக்கவில்லை. நேராகப் பாதிரியார் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் கயிறு கட்டிய மூட்டைகள். அவர் புத்தகங்களைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, போறீங்களா?"

அவர் தலை நிமிரவில்லை. "பொண்ணுங்க வளந்துட்டாங்க ஷ்முனி. நிலைமை ஒனக்குத் தெரியும்."

"தெரியும். எம்மவனுக்கும் அதே நிலைமைதான இருந்துச்சு?"

"அது வேற நேரம்."

"நேரம் வேறயா? அன்னைக்கு காத்து பதரத்தான் தூக்கும்னீங்க. இன்னைக்கு காத்து எங்க வேணா போகும்ங்கறீங்க. ரெண்டு வேற வேற காத்தா சாமி?"

"ரெண்டும் வேதத்துல இருக்கு."

"இருக்கு. எனக்கு எது, ஒங்களுக்கு எதுன்னு பிரிச்சது யாரு?"

அவர் துணியை உதறி விரித்தார். அடுத்த புத்தகத்தை எடுத்தார். புதன்கிழமை வேன் வந்தது, ஊரே வழியனுப்பப் போனது. ஷ்முனி போகவில்லை.

அந்த வாரமே ஒலிநாடாக்களை எடுத்துக்கொண்டு, நாடா போட்டுக் கேட்கும் பெட்டி இருந்த பஸ்ஸே வீட்டுக்குப் போனாள். முதல் நாடாவில் லஹ்தோ முட்டிவலி எப்படி இருக்கிறது, தோட்டத்துச் சுவர் விழுந்ததே, யாராவது கட்டினார்களா என்று கேட்டிருந்தான். இரண்டாவதில் பிள்ளை பிறக்கப்போவதைச் சொல்லியிருந்தான். அதற்குள் பிள்ளைக்கு ஒரு வயசு தாண்டியிருக்கும். ஷ்முனி அங்கேயே உட்கார்ந்து பதில் பேசினாள். "தப்பு பண்ணிட்டேன்டா. சாமி பேச்சைக் கேட்டு ஒன்னை வெறுங்கையோட அனுப்பிட்டேன்." அதற்குமேல் வரவில்லை. மீதி நாடா முழுக்க பஸ்ஸே ஊர்க்கதை பேசி நிரப்பினாள்.

திராட்சை பறிக்கும் சமயம் பதில் வந்தது. லஹ்தோவின் குரல் சந்தோஷமாக இருந்தது. "அம்மா, நம்ம சாமி இப்ப எங்க ஊர்லதான் இருக்காரு. கோயில் ஆரம்பிச்சுட்டோம். பையனுக்கு அவர்தான் ஞானஸ்நானம் குடுத்தாரு. இங்கதான் இருக்காரு, சாப்புட்டுட்டிருக்காரு. பழசையெல்லாம் நான் அவர்கிட்ட வச்சுக்கல. நீயும் விட்டுடு. சாமி, ரெண்டு வார்த்த பேசுங்க." நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்த அழகான குரல்: "ஷ்முனி, பாத்தியா, காத்து நம்மளயெல்லாம் எங்க கொண்டுவந்து…"

அவள் பொத்தானை அமுக்கினாள்.

"என்னக்கா, முழுசாக் கேக்க வேண்டாமா?"

"அவன் என் மகன். மூணு வருஷம் நான் அவன் குரலைக் கேக்கல. அவரோட ஒரே மேசையில உக்காந்து சாப்புடறான். என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லல, பாத்தியா?"

பஸ்ஸே நாடாவை எடுத்து உறையில் போட்டாள்.

அதற்குப் பிறகு நாடாக்கள் போய்வந்தன. வருஷத்துக்கு ஒன்று, சில வருஷம் அதுவும் இல்லை. பேரன் ஜெர்மன் கலந்து பேசுவான், அவளுக்குப் பாதி புரியாது. அங்கே வந்துவிடு என்று லஹ்தோ ஒரு முறை சொன்னான், மறுமுறை சொல்லவில்லை. ஊரில் ஒன்பது குடும்பம் மிஞ்சியது. திருநாள்களுக்கு மடத்திலிருந்து ஒரு துறவி வந்து பூசை வைத்தார். காற்றைப் பற்றி அவர் எது சொன்னாலும் ஷ்முனி கடைசி வரிசையில் இருந்து கேட்டாள். வேதத்தின்மேல் அவளுக்குக் கோபமில்லை. ஆனால் முன்போல் விரல்விட்டுச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

எண்பத்தெட்டு ஆவணியில் பாதிரியார் விடுமுறைக்கு வந்தார். தாடி நரைத்திருந்தது, வாடகைக் காரில் இறங்கினார். இருந்த ஒன்பது குடும்பமும் வரிசையில் நின்று கையை முத்தமிட்டது. கடைசியாக ஷ்முனியின் வீட்டுக்கு வந்தார். அவள் கைகளை முன்துணிக்குள் வைத்துக்கொண்டு, "வாங்க, உக்காருங்க" என்றாள். காப்பி போட்டுக் கொடுத்தாள்.

"இன்னும் கோவமா ஷ்முனி?"

"நீங்க போனதுக்கு இல்ல சாமி. மூணு பொண்ணு வச்சிருந்தீங்க, போக வேண்டியதுதான். போறதுக்கு முன்னாடி இந்த வாசலுக்கு வந்து, 'ஒம்மவன் விஷயத்துல தப்பாச் சொல்லிட்டேன்'னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். ஆசீர்வாதம் குடுக்காதேன்னு சொல்ல வரத் தெரிஞ்ச வழிதான?"

அவர் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி. தப்புதான்னு வச்சுக்கோயேன்."

"வச்சுக்க நான் என்ன அலமாரியா?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினார், பழக்கம். அவள் தலையைக் குனியவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று இறங்கியது.

கார் கிளம்பிய சத்தம் ஓய்ந்ததும் ஷ்முனி கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். கீழ்ப்பக்கத்துக் கொடிகள் பழுத்திருந்தன, இன்னும் இரண்டு நாள் விட்டால் குளவி தின்றுவிடும்.