தொழிற்கட்சியை நம்பிய வேம்புலி

இங்கிலாந்துத் தேர்தலில் தொழிற்கட்சி ஜெயித்த செய்தி வந்த அன்று, ஆவடி ராணுவக் கிடங்கில் யாருக்கும் வேலை ஓடவில்லை. நாற்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதம். "நம்ம கட்சி வந்துட்ச்சி, இனிமே சொதந்தரம்தான்" என்றான் பக்கத்து மேசை துலுக்கானம். குமாஸ்தா கங்காதரன் பேனாவைக் கீழே வைத்தான். 'நம்ம கட்சி' என்று பதினாறு வருஷத்துக்கு முன்பு ஒருவன் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

அவன் பெயர் வேம்புலி. பாடி கிராமத்துக்காரன். தகப்பன் இல்லை. தாய் நாகம்மாள் வில்லிவாக்கம் சந்தையில் கீரை விற்று அவனைப் பட்டணத்துக் கல்லூரிக்கு அனுப்பினாள். அம்பத்தூர் கங்காதரனும் பூந்தமல்லி எட்மண்டும் அவன் கூட்டாளிகள். மூவர் சேர்ந்து ஓர் அந்நிய நாட்டுக் கட்சியை ஆராய்ந்து கட்டுரை எழுதி வகுப்பில் வாசிக்க வேண்டும் என்று சரித்திர வாத்தியார் சொன்னபோது, லண்டனில் புதிதாக ஆட்சிக்கு வந்திருந்த தொழிற்கட்சியை வேம்புலிதான் கேட்டு வாங்கினான். சுரங்கத்தில் கரி வெட்டியவர்களெல்லாம் பார்லிமெண்டில் உட்கார்ந்திருந்தது அவனுக்குப் பெரிய ஆச்சரியம். படிக்கப் படிக்க அந்தக் கட்சி அவனுக்குச் சொந்தமாகிவிட்டது.

"அவுங்களும் வெள்ளக்காரங்கதானேடா. நம்ம ஊர விட்டுக்குடுத்துடுவாங்களா?" என்றான் எட்மண்ட்.

"கூலிக்காரன் கூலிக்காரன அடிக்க மாட்டான், மச்சான்" என்றான் வேம்புலி. கட்டுரையும் அப்படியே முடிந்தது. கங்காதரனுக்கும் அது சரியென்றே பட்டது. வகுப்பு கைதட்டியது.

அடுத்த சித்திரையில் கடற்கரையில் சட்டத்தை மீறி உப்புக் காய்ச்சினார்கள். பார்த்து வரலாம் என்று வேம்புலி கூப்பிட, கங்காதரன் கூடப் போனான். தடியடி தொடங்கியதும் கூட்டம் சிதறியது. கங்காதரன் ஓடினான். வேம்புலி ஓடவில்லை. கையை உயர்த்தி, எதிரே வந்த போலீஸ்காரரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். முதல் அடி அந்தக் கையில் விழுந்தது. அடுத்தது தலையில்.

ஆஸ்பத்திரியிலிருந்து வில்லிவாக்கம் வரை ரயிலிலும், அங்கிருந்து பாடிக்கு மாட்டுவண்டியிலும் கங்காதரன்தான் அவனைக் கொண்டுவந்து சேர்த்தான். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் குழறலாக மிஞ்சியது. நாகம்மாள் கஞ்சியை ஊட்டிவிட்டு, வழிந்ததை முந்தானையால் துடைப்பாள்.

"லண்டன்ல தெரியாது மச்சான்" என்பான் வேம்புலி, கங்காதரன் போகும்போதெல்லாம். "இங்க கீற அதிகாரிங்க பண்றது. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க."

கங்காதரன் பத்திரிகை வாசித்துக் காட்டுவான். தொழிற்கட்சி மந்திரி பார்லிமெண்டில் போலீசுக்குப் பரிந்து பேசிய செய்தி ஒருநாள் வந்தது. அதை வாசிக்காமல் தாண்டினான். வேம்புலி வலது கையால் தாளை இழுத்துக்கொண்டான். கடைசி வரி வரை படித்தான்.

"தெரிஞ்சேதான் கீது" என்றான்.

அதன் பிறகு கட்சியைப் பற்றி அவன் பேசவில்லை. கஞ்சிக்கு வாய் திறப்பதும் குறைந்தது. ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு போய்ச் சேர்ந்தான். எட்மண்டும் கங்காதரனும் தோள் கொடுத்தார்கள். எட்மண்ட் தன் பழைய கேள்வியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுதபடியே நடந்தான்.

இப்போது கிடங்கில் மிட்டாய் கொடுத்தார்கள். கங்காதரன் வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சாயங்காலம் வில்லிவாக்கத்தில் இறங்கினான். சந்தையோரம் நாகம்மாள் கீரைக்கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்பாள். "ஆயா" என்று கூப்பிட்டான்.

"இன்னா நைனா, டேசன்ல ஒரே சத்தமா கீதே?"

"சீமையில எலெக்சன் முடிஞ்சுது, ஆயா. ஒரு கட்சி ஜெயிச்சிருக்கு."

"நல்லவங்களா?"

கங்காதரன் கீரைக்கட்டுகளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"தெரியல, ஆயா" என்றான்.

அவள் ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து அவன் பையில் போட்டாள்.