மைக்கு வேலை செய்யாத வெள்ளிக்கிழமை

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் பல்லி முட்டையிட்டிருந்ததைக் கண்டுபிடித்தது நான்தான். சித்தி பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும் கிளம்பிய தூசியில் தும்மிக்கொண்டே பின்வாங்கிவிட்டாள். நான் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். காற்றாடிக்குக் கீழே, ஒரு வயர் மடிப்பில், கடலைமிட்டாயைவிடச் சிறியதாக இரண்டு வெள்ளை முட்டைகள். அம்மா அவற்றைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டு போய் வாழைமூட்டில் வைத்துவிட்டு வந்தாள். இனி மிஷின் ஓடும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். சித்தி மட்டும் நம்பவில்லை.

அப்பா அப்போது மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். முந்திய லீவுக்கு வந்தபோது, வெள்ளிக்கிழமைதோறும் முகம் பார்த்துப் பேசலாம் என்று அவர் வாங்கி வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் அது. யாரோ கல்யாணப் போட்டோ இருக்கிறது என்று கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறி, ஒரு மாதமாக நீலத் திரையோடு நின்றிருந்தது. வடசேரியில் ஒரு கடைக்காரர், கொண்டுவந்து போட்டுவிட்டுப் போங்கள், பத்து நாள் ஆகும் என்றார். பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த சித்திக்கு, அதாவது அம்மாவின் தங்கைக்கு, அது மானப் பிரச்சினையாகிவிட்டது. விடுமுறைக்கு ஒரு துணிப்பையும் ஒரு சி.டி.யுமாக நெய்யூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினாள்.

"லினக்ஸ் போட்டிருவோம்க்கா. சும்மா கெடைக்கும். வைரஸு கிட்ட வராது."

"சும்மா குடுக்காங்கன்னா அத யாரு செஞ்சது?" என்றாள் அம்மா.

"உலகம் பூரா ஆளுவ சேந்து செஞ்சது."

"அவுங்களுக்கெல்லாம் வேற சோலி இல்லியாட்டி?"

அடுத்த பத்து நாட்களில் அந்த உலகம் பூராவுமுள்ள ஆட்கள்தான் எங்கள் வீட்டுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அதில் ஒரு சிரமம் இருந்தது. கம்ப்யூட்டரின் கோளாறை அவர்களிடம் கேட்க வேண்டுமென்றால் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். எனவே சித்தி ஒவ்வொரு கோளாறையும் என் பழைய ரஃப் நோட்டில் எழுதிக்கொண்டு, பஸ் ஏறித் திங்கள்சந்தை பிரௌசிங் சென்டருக்குப் போவாள். கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்திருந்து, பதிலை எழுதிக்கொண்டு திரும்புவாள். நோயாளியை வீட்டில் படுக்க வைத்துவிட்டு மருந்துச் சீட்டோடு அலைவதைப் போலத்தான்.

முதல் கோளாறு, கழற்றிப் பூட்டியதிலிருந்து பெட்டியை ஆன் செய்தால் மூன்று நீளக் கூப்பாடு போட்டுவிட்டு அடங்கிவிடும். 'நீளமாக மூன்று பீப்' என்று எழுதிக்கொண்டு போனாள். மெமரி குச்சியைப் பிடுங்கி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் அழித்துவிட்டுத் திரும்பச் செருகச் சொல்லிப் பதில் வந்தது. வீட்டிலிருந்த ஒரே ரப்பர் என்னுடைய வாசனை ரப்பர். இரண்டு நாட்களுக்குப் பெட்டியின் பின்புறத்திலிருந்து ஸ்ட்ராபெரி மணந்தது. அடுத்தது, சி.டி. போடுகிற தட்டு வெளியே வர மறுத்தது. அதற்கு உலகத்தைக் கேட்கவில்லை. அம்மா தாலிச் சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்கை நிமிர்த்திக் கொடுக்க, சித்தி அதை முன்னாலிருந்த பொடித்துளைக்குள் விட்டு அழுத்தினாள். தட்டு நாக்கை நீட்டியது. பிறகு, லினக்ஸைப் போடத் தொடங்கியதும் திரை கறுத்துப்போனது. தொடங்குவதற்கு முன்னால் ஒரு வரியின் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்க்க வேண்டுமாம். அந்தச் சொல் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. திரும்பவும் முதலிலிருந்து.

இவ்வளவு அவசரத்துக்கும் காரணம் இருந்தது. அப்பாவின் ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கம்பெனி கேட்டிருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். போனில் அம்மாவிடம் கேட்பார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க" என்பாள். நாலு வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும். முகத்தைப் பார்த்துக் கேட்டால்தான் தெரியும் என்று அப்பா சித்தியிடம் சொல்லியிருந்தாராம்.

அவருக்குத் தெரியாத ஒன்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். சித்திரை வெயிலில் அம்மா கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். நான்தான் முதலில் பார்த்தேன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் ரத்தம் குறைவு என்று மூன்று நாள் படுக்க வைத்திருந்தார்கள்; சித்திதான் வந்து கூட இருந்தாள். திரும்பி வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து, அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஒரு வழியாகத் திரையில் படம் எழும்பியது. இன்டர்நெட் வயரைச் செருகியதும் தானாக வந்தது. கேமராவும் வந்தது. அந்த வெள்ளிக்கிழமை காலையில், அப்பாவின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, கூடி, சிரித்தது. அவர் பேசியது எங்களுக்குக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரே சமயத்தில் கத்தினோம். அவர் காதைக் காட்டிக் கையை விரித்தார்.

மைக்கு வேலை செய்யவில்லை.

அன்றைக்கு முழுவதும் நான் படம் வரைகிற நோட்டில் பெரிய எழுத்தில் எழுதிக் கேமராவுக்கு நேரே பிடித்தேன். 'எல்லாரும் சுகம்.' 'சித்திதான் சரியாக்கினா.' 'அம்மா சுகம்.' கடைசியாக எழுதியதைப் பிடிக்கும்போது அம்மா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

அந்த வாரம் முழுவதும் சித்தி மைக்கோடு மல்லுக்கட்டினாள். கறுப்புத் திரையில் எதையோ தட்டினால் வரிசையாகக் கோடுகள் வரும். "மைக்கு வழியா சத்தம் உள்ள போச்சுன்னா இந்தப் பச்சைக் கோடு ஏறி இறங்கும், பாத்துக்க" என்று எனக்குக் காட்டினாள். ஏறவே இல்லை. அது சவத்தைப் போலப் படுத்துக் கிடந்தது.

அடுத்த வெள்ளியும் வந்தது. அப்பா பதில் சொல்ல வேண்டிய கெடுவுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அப்பா வந்தார், பார்த்தார், கையை விரித்தார். சித்திக்கு முகம் செத்துவிட்டது. பிரௌசிங் சென்டர்க்காரர் பன்னிரண்டு மணிக்கு ஜும்மாவுக்குக் கடையைப் பூட்டிவிடுவார். அதற்குள் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஓடும்போது என்னிடம், "மக்ளே, பின்னால ஸ்பீக்கர் வயரு போக மூணு ஓட்டை இருக்கில்லா, ஒவ்வொண்ணா மாத்திக் குத்திப் பாரு" என்றாள்.

பெட்டி மேசைக்கு அடியில், முதுகைச் சுவருக்குக் காட்டிக்கொண்டு இருந்தது. நான் தவழ்ந்து உள்ளே போனேன். இருட்டில் எது ரோஸ், எது நீலம் என்று தெரியவில்லை. தடவித் தடவி மைக்கின் வயரைப் பிடுங்கி அடுத்த ஓட்டையில் குத்தினேன். தலைக்கு மேலே அப்பாவின் குரல், "இல்ல, கேக்கல" என்றது.

அம்மா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பிறகு, யாருக்கோ சொல்வதைப் போலத் தணிந்த குரலில், "நீங்க மெலிஞ்சிட்டிய" என்றாள்.

நான் இருப்பதை அவள் மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"கேக்கலன்னா கேக்காண்டாம். நான் சொல்லிட்டுப் போறேன். கெணத்தடியில விழுந்துட்டேன். பிள்ளதான் பாத்தா. மூணு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தேன். சொல்லாதன்னு அவகிட்ட சத்தியமும் வாங்கிட்டேன். சின்னப் பிள்ள. அவ மொகத்தப் பாக்க முடியல."

நான் வயரைக் கையில் பிடித்தபடி அசையாமல் இருந்தேன். பிறகு வேலை ஞாபகம் வந்து, மிச்சமிருந்த ஓட்டையில் அதைக் குத்தினேன். அது 'டக்' என்று உட்கார்ந்தது.

"மழ பெஞ்சா கரண்டு போவும். பிள்ளையக் கெட்டிப் பிடிச்சிட்டு இருப்பேன். அவளுக்குப் பயம்னு தங்கச்சிக்கிட்ட சொல்லுவேன். பயம் எனக்குத்தான். ரெண்டு வருசம்னு நீங்க சொல்லும்போ சரின்னு சொல்லுதேன். சொல்லிச் சொல்லி வாய் பழகிட்டு. சரியில்ல, கேட்டியளா? எனக்கு ஒண்ணும் சரியில்ல. வந்திருங்க."

நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் எழுந்து நின்றேன். முதலில் பார்த்தது, சித்தி திரையின் ஓரத்தில் திறந்து வைத்துவிட்டுப் போன அந்தப் பச்சைக் கோட்டைத்தான். அம்மாவின் ஒவ்வொரு சொல்லுக்கும் அது துள்ளி ஏறியது; அவள் மூச்சு விடுவதற்குக்கூட ஏறியது. மைக்கு சரியாகிவிட்டது! சரியாக்கியது நான்! கத்துவதற்கு வாயைத் திறந்தேன்.

திரையில் அப்பா என்னைப் பார்த்தார். விரலை உதட்டின்மேல் வைத்தார்.

அம்மா தலையைக் குனிந்து, மேசை விளிம்பில் உரிந்திருந்த ரெக்சினை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்வதற்குள் அப்பா விரலை எடுத்துவிட்டார். தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அவர் குரல் கரகரத்தது.

"இல்லட்டி, இன்னும் ஒண்ணும் கேக்கல. நீ நிறுத்தாம பேசு. பேசினாத்தானே கோளாறு எங்கன்னு தெரியும்."

அம்மா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு பேசினாள். என் வாழ்நாளில் அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தென்னையில் விழுந்த வண்டைப் பற்றி, ஞாயிற்றுக்கிழமை சபையில் ஒருத்தி சொன்ன சொல்லைப் பற்றி, அவர் போட்டுவிட்டுப் போன சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பதைப் பற்றி. இடையிடையே அப்பா கோளாறு பார்ப்பவரைப் போல, "ம், பேசு, பேசு" என்பார். முக்கால் மணி நேரம் கழித்து, "சரி, அடுத்த வெள்ளி பாப்போம்" என்று போய்விட்டார்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஓட்டையெல்லாம் மாத்திப் பாத்தியா? சரியாச்சா?"

"இல்ல" என்றேன். காது இரண்டும் சுட்டது. அம்மாவிடம் நான் சொன்ன பொய்களிலேயே எனக்கு ஒரு லாபமும் இல்லாத பொய் அதுதான்.

ஒரு மணிக்குச் சித்தி வியர்க்க விறுவிறுக்க வந்தாள். நோட்டைப் பார்த்து ஒரு நீளமான வரியைத் தட்டினாள். "ஹலோ ஹலோ" என்று பதிவு செய்து ஓடவிட்டாள். அவள் குரல் அவளுக்கே திரும்பி வந்தது. அவள் குதித்த குதியில் அடுக்களையில் பாத்திரம் அதிர்ந்தது. மறுநாளே திங்கள்சந்தைக்குப் போய், இந்த வரியைப் போட்டதும் சரியாகிவிட்டது, நன்றி என்று உலகத்துக்கு அறிவித்துவிட்டும் வந்தாள். எங்கேயோ யாரோ, தப்பான ஓட்டையில் வயரைக் குத்திவிட்டு, சித்தியை நம்பி அந்த வரியைத் தட்டித் தட்டிப் பார்த்திருப்பார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான்.

அடுத்த வெள்ளி அப்பா, "அட, தெளிவாட்டு கேக்குதே!" என்று நடித்தார். சினிமாவில் சேர்க்க மாட்டார்கள், அவ்வளவு மோசம். பிறகு, கம்பெனிச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கையெழுத்துப் போடவில்லை, ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றார்.

"உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க" என்றாள் அம்மா.

ஆடி பிறப்பதற்குள் அவர் வந்துவிட்டார். வடசேரியில் ஒரு சின்ன ஏ.சி. ரிப்பேர் கடை போட்டார். அவராகத்தான் முடிவெடுத்தார் என்று அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்படி அவள் சொல்லும்போதெல்லாம் எனக்கு அப்பாமேல் கோபமாக வரும். அம்மாவை ஏமாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதவரைப் போல உட்கார்ந்து சாயா குடிக்கிறாரே!

ஒரு வருஷம் பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அம்மா சாளை மீன் உரசிக்கொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பச்சைக் கோடு ஏறியது, அப்பா வாயைப் பொத்தச் சொன்னது, நான் பொய் சொன்னது. அவள் அழுவாள், அல்லது அப்பாவைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அம்மா கத்தியை நிறுத்தவே இல்லை.

"ஏட்டி, கேக்காத ஆளுகிட்டயா நான் முக்கா மணிக்கூர் பேசுவேன்? அவருக்க மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியாதா?"

"பெறவு ஏன் தெரிஞ்சதாக் காட்டல?"

"காட்டியிருந்தா பெறவு நான் பேசியிருப்பேனா?"

"உனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீ போயி சொல்லி வைக்காத" என்றாள். அவள் சிரிப்பை அடக்குவது தோள் குலுக்கலில் தெரிந்தது.

அன்றைக்கு எனக்குப் பிடிபட்டதெல்லாம் ஒன்றுதான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இரண்டு பக்கமும் என்னைக் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட பெற்றோர் எனக்கென்று வாய்த்திருக்கிறார்களே என்று நினைத்து, எழுந்து போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் வெகுநேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.