இரண்டு வேளைக் கறவை

தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் யார் கறவை மாடு வாங்கப் போனாலும் ராஜாம்பாளைக் கையோடு அழைத்துப் போவார்கள். அவளுக்கென்று ஒரு சென்ட் நிலம் கிடையாது. நடவு, களையெடுப்பு, கரும்பில் காய்ந்த சோகையை உரிப்பது என்று கூலிக்குப் போகிறவள்; கொட்டகையில் ஒரே ஒரு மாடு. ஆனாலும் மாட்டுக்கு விலை பேசும் இடத்தில் பெரிய பண்ணைக்காரர்களே அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் ஒரு தடவை, மறுநாள் காலையில் ஒரு தடவை, இரண்டு வேளையும் கண்ணெதிரே கறக்கவேண்டும். அதுதான் அவள் வைத்த சட்டம். விற்கிறவன் முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் விட்டுவைத்தால் மடி கனத்துத் தெரியும். ஒரு வேளை மட்டும் பார்த்து ஏமாந்து வாங்கியவன் மறுநாள் தலையில் கை வைத்து உட்காரவேண்டியதுதான்.

இப்படிப்பட்டவளிடம் போய் ஒரு கல்லூரி ஏஜெண்ட் தன் சாமர்த்தியத்தைக் காட்ட வந்தான், பாவம்.

மகள் கண்ணகி அந்த வருஷம்தான் பிளஸ் டூ முடித்திருந்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறக் கூலிக்குப் போனபோது, கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நாற்பது ஆண்களைக் குரல் உயர்த்தாமல் வேலை வாங்கியதைப் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து ஓட்டல் மேனேஜ்மென்ட்தான் படிப்பேன் என்று ஒரே பிடி. வீட்டிலிருந்த இரண்டு போர்வைகளையும் தினமும் ஓட்டல் கட்டில் மாதிரி மடிப்புக் கலையாமல் விரித்து வைப்பாள். அதில் உட்காரப் பயந்துகொண்டு அவள் அப்பா இருசப்பன் வெறுந்தரையில் உட்காருவார்.

ஏஜெண்ட் வழவழப்பான புத்தகத்தைப் பிரித்தான். "முடிச்ச மொத மாசமே முப்பத்தஞ்சாயிரம்மா. ஹாஸ்டலோட சேத்து வருசத்துக்கு ஒண்ணேகால் லட்சம், மூணு வருசம். பேங்க் லோன் நாங்களே வாங்கித் தர்றோம். நீங்க கையெழுத்துப் போட்டா போதும்."

"அந்தச் சம்பளம் வாங்கறவங்கள கண்ணால காட்டுங்க தம்பி" என்றாள் ராஜாம்பாள்.

அவனும் சளைக்கவில்லை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அழைத்துப் போனான். அதே கல்லூரியில் படித்த மேனேஜர் டை கட்டிக்கொண்டு வந்து காபி கொடுத்தார். சம்பளம் நாற்பதாயிரம் என்றார். ராஜாம்பாள் காபியை நிதானமாகக் குடித்துவிட்டு, "சாருக்கு சர்வீசு எத்தினி வருசங்க?" என்றாள்.

"பதினாறும்மா."

திரும்பும்போது பஸ்ஸில் கண்ணகிக்குக் கால் தரையில் பாவவில்லை. ராஜாம்பாள், "ஒரு வேளதான ஆயிருக்குது" என்றாள்.

"நான் இன்னா மாடா?" என்று சீறினாள் மகள்.

"மாட்டுக்கே ரெண்டு வேள பாக்கறவ, பெத்த புள்ளைக்கு ஒரு வேளையோட வுட்டுருவனா?"

களமருதூரில் அவள் முன்பு மாடு பார்த்துக் கொடுத்த வீட்டுப் பெண் பச்சையம்மாள், அதே கல்லூரியில் படித்துவிட்டுப் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் இரண்டு வருஷமாக இருந்தாள். ராஜாம்பாள் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மகளோடு அங்கே போனாள். ஷிப்ட் முடிந்து பின்வாசலில் வந்து உட்கார்ந்த பச்சையம்மாள் ஷூவைக் கழற்றினாள். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. ராஜாம்பாள் முதலில் சம்பளத்தைக் கேட்கவில்லை. "சாப்ட்டியாடி?" என்று தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றைக் கொடுத்தாள்.

இரண்டு வாய் தின்றபின் அந்தப் பெண்ணே சொன்னாள். "பன்னண்டாயிரம் அத்தை. லோனுக்கு ஏழாயிரம் போயிடுது. ரூமுக்கு ரெண்டாயிரம். இன்னும் ஆறு வருசம் கட்டணும். வூட்ல இருபதாயிரம்னு சொல்லி வெச்சிருக்கேன், சொல்லிடாதீங்க. எங்களுக்கு ஒயுங்கா மாடு பாத்துக் குடுத்தவங்க நீங்க. உங்ககிட்ட பொய் சொல்ல வாய் வரல."

"வேல புடிச்சிருக்குதா?" என்று மட்டும் கேட்டாள் ராஜாம்பாள்.

பச்சையம்மாளின் முகம் மலர்ந்துவிட்டது. "அது புடிச்சிருக்குது அத்தை. யாரு வந்து நின்னாலும் பேசி சமாளிச்சிடுவேன். கடன்தான் கஷ்டம். என்கூட நிக்கற பொண்ணு கவர்மெண்ட் கேட்டரிங் ஸ்கூல்ல ஒன்றரை வருசம் படிச்சா. மொத்தமே நாப்பதாயிரம் ஆச்சாம். அவளுக்கும் இதே பன்னண்டாயிரம்தான்."

வரும் வழியெல்லாம் கண்ணகி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுப்புரம் தாண்டியதும், "வாணாம்மா. நான் டைலரிங் போறேன். உன்னால கட்ட முடியாது" என்றாள்.

ராஜாம்பாள் அவளைத் தன் தோளோடு இழுத்துக்கொண்டாள். "யாருடி வாணான்னது? மாடு நல்ல மாடுதான். வெலதான் ஜாஸ்தி."

கண்ணகி அவள் தோளிலேயே அழுதாள். அழுகை ஊர் வரும்வரை நிற்கவில்லை.

கண்ணகிக்கு அரசாங்கக் கேட்டரிங் பள்ளியில் இடம் கிடைத்தது. பணத்துக்குக் கொட்டகை மாட்டை விற்றார்கள். வாங்க வந்தவர் ராஜாம்பாள் மாடென்றதும் ஒரு வேளையோடு கயிற்றைப் பிடித்துவிட்டார். அவள் விடவில்லை, காலையிலும் கறந்து காட்டிவிட்டுத்தான் அனுப்பினாள். அனுப்பிவிட்டு, காலியான கொட்டகையை வெகுநேரம் கூட்டிக்கொண்டிருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து, புதுச்சேரியில் வேலையிலிருந்த கண்ணகி சேர்த்து வைத்த பணத்தோடு லீவு போட்டு வந்தாள். அம்மாவும் மகளும் திருக்கோவிலூர்ப் பக்கம் மாடு பார்க்கப் போனார்கள். செவலைப் பசு. சாயங்காலக் கறவையில் பால் நுரைத்துக்கொண்டு வந்தது. மறுபடியும் தனக்கொரு மாடு என்ற சந்தோஷம் ராஜாம்பாளுக்கு. வாழ்நாளில் முதல் தடவையாக அவசரப்பட்டாள்.

"போதும்டி, நல்லாதான் கறக்குது. பணத்த குடுத்துடு" என்றாள்.

கண்ணகி பையை மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இரும்மா. காலையிலயும் பாத்துட்டுதான் போறோம்."