வேலி தாண்டிய கன்றுகள்

வசந்தம் வந்ததும் என் சித்தி மிலுங்கா மண்வெட்டியோடு ராஸ்பெர்ரித் தோட்டத்தில் இறங்குவாள். வரிசைக்கு வெளியே முளைத்த பக்கக்கன்றுகளை இரக்கமில்லாமல் வெட்டி எறிந்துகொண்டே போவாள். வேலியோரம் வந்ததும் மட்டும் மண்வெட்டி தோளுக்கு ஏறிவிடும். அங்கே முளைத்தவற்றைப் பார்க்காதவள்போல் திரும்பிவிடுவாள். பல வருடங்களாக இப்படித்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம், மேட்டில், அண்டைவீட்டுக் கிழவர் ஓப்ரெனின் நிலம். முன்பு அங்கேயும் ராஸ்பெர்ரிதான் இருந்தது.

ஒரு ஜூலையில் சித்தி டிராக்டரிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டாள். அதே வாரம் பழம் சிவந்துவிட்டது. ராஸ்பெர்ரி யாருக்காகவும் காத்திருக்காது, கனிந்ததும் பறிக்காவிட்டால் உதிர்ந்துபோகும். விடியலில் ஓப்ரென் தன் மகள்களையும் மருமகன்களையும் கூட்டிக்கொண்டு சரிவில் இறங்கி வந்தார்.

"முதல்ல உங்க தோட்டத்தப் பாருங்கண்ணே!"

"உன்னோடது பள்ளத்துல இருக்கு, முந்திக் கனிஞ்சிருச்சு. என்னோடது நாளைக்குத் தாங்கும். நீ காப்பியப் போடு, ஒத்தக் கையாலயே போடு. ருசி எப்பவும் போலத்தான் இருக்கும்."

மாலைக்குள் எங்கள் பெட்டிகள் குளிர்கிடங்குக்குப் போய்விட்டன. பொழுது சாயும்போது ஆலங்கட்டி கொட்டியது. மறுநாள் காலை ஓப்ரெனின் மேட்டிலிருந்து ஓடைநீர் நசுங்கிய பழச்சாற்றில் இளஞ்சிவப்பாக வழிந்துவந்தது.

எங்கள் மலைப்பக்கம் அண்டைவீட்டார் உதவிக்குக் கூலி கிடையாது. ஒரு நாள் வாங்கினால் ஒரு நாள் திருப்பித் தர வேண்டும். சித்தி யாருக்கும் பாக்கி வைத்தவள் இல்லை. ஆனால் அந்த இலையுதிர் காலத்திலேயே, முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று ஓப்ரென் செடிகளை வேரோடு பிடுங்கிப் புல் விதைத்துவிட்டார்.

"புல்லாவது வாரித் தரேன்," என்று சித்தி போய் நின்றாள்.

"பழம் பறிச்ச நாளுக்குப் பழம் பறிக்கிற நாள்தான் ஈடு. புல்லக் காட்டி ஏமாத்தப் பாக்குறியா?"

"செடியவே பிடுங்கிட்டு எதப் பறிக்கச் சொல்றீங்க?"

"அது உன் பாடு, மிலுங்கா." கிழவர் சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் வேலியோரக் கன்றுகளுக்கு உயிர்ப்பிச்சை கிடைத்தது. ராஸ்பெர்ரி வேர் தூக்கத்தில் புரள்கிற குழந்தைபோல, யாரும் பார்க்காத நேரத்தில் மண்ணுக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும். பனிக்கடியில், மூடுபனிக்கடியில் அது வேலியைத் தாண்டியது. வசந்தத்தில் ஓப்ரெனின் புல்வெளியில் பச்சைத் தளிர்கள் எட்டிப் பார்த்தன. அவர் புல்லோடு சேர்த்து அரிவாளால் அவற்றையும் அறுத்தார். மறு வசந்தமும் அவை வந்தன, அறுபட்டன. சித்தி ஜன்னலில் நின்று அரிவாளின் ஓசையைக் கேட்பாள். காப்பி ஆறிப்போகும்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். எதற்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும் என்ற தொல்லை அங்கேதான் ஒட்டிக்கொண்டது. விடுமுறைக்கு வரும்போதெல்லாம், இது மானமா, பிடிவாதமா, இரண்டு தனிமைகள் பேசிக்கொள்ளும் முறையா என்று யோசிப்பேன். எந்தப் பெயரும் சரியாகப் பொருந்தியதில்லை.

போன வருடத்துக்கு முந்தைய கோடையில் அரிவாள் ஓசை வேலியருகே நின்றது. பிறகு சற்றுத் தள்ளித் தொடங்கியது. ஓப்ரென் கன்றுகளைச் சுற்றிப் புல் அறுத்திருந்தார். பச்சைத் தீவு ஒன்று மிஞ்சியிருந்தது. சித்தி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலி ஏறிக் குதித்தாள். இரண்டு கம்பம் நட்டாள், கம்பி இழுத்தாள், கன்றுகளின் கழிகளை வளர வளரச் சணலால் கட்டினாள்.

"அடுத்த ஜூலைக்கு ஆளக் கூப்பிடவா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"யாரும் வேணாம், நான் ஒருத்தி போதும்! நீங்க காப்பி போடுங்க!"

இந்த வருடம் முளைத்த கழி அடுத்த வருடம்தான் காய்க்கும். அந்தக் குளிர்காலம் முடியும் முன் ஒரு மதியம் சித்தி நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டாள்.

ஜூலையில் அந்தக் கழிகள் பழப் பாரத்தில் வளைந்தன. நான் பெட்டியை எடுத்துக்கொண்டு வேலி ஏறினேன். ஓப்ரென் மேலே நின்று கையை அசைத்தார்.

"வேணாம் குட்டி. அது அவ நாளு."

"பழம் வீணாப் போகுமே, மாமா."

"போகட்டும். எனக்குத் தர வேண்டியவ அவதான்."

அவர் அடுப்பில் காப்பி கொதிக்கும் வாசனை வந்தது. பழங்கள் ஒவ்வொன்றாகப் புல்லில் உதிர்ந்துகொண்டிருந்தன.